லண்டன் வீட்டில் விறகு ஸ்டவ்: புகையும் அபராதமும் இல்லாமல் குளிர்காலத்தைக் கடத்த

தென் லண்டனில் வீடு பார்க்கப் போனபோது ஹாலில் ஒரு விறகு ஸ்டவ் இருந்தது. கறுப்பு இரும்புப் பெட்டி, கண்ணாடிக் கதவு. விலை பேசும்போதே அதன் முன்னால் உட்கார்ந்து காபி குடிப்பதாகக் கற்பனை செய்துவிட்டேன். நவம்பரில் குடியேறி முதல் வாரமே பற்றவைத்தேன். மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டி, உங்கள் புகை எங்கள் படுக்கையறைக்குள் வருகிறது என்று மிகவும் மரியாதையாகச் சொன்னார். விறகு என்றால் புகையத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு, மன்னிப்பு கேட்டுவிட்டு அப்படியே விட்டுவிட்டேன். டிசம்பர் கடைசியில் கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தது.

அடுத்த எட்டு மாதம் நான் அலைந்து தெரிந்துகொண்டதுதான் இது. இங்கிலாந்துக்கு மட்டும் பொருந்தும்; ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் சட்டம் வேறு. விலைகள் நான் கொடுத்தவை அல்லது எனக்குச் சொல்லப்பட்டவை. உங்கள் ஊரில் கூடக்குறைய இருக்கும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இந்த வேலையை ஏப்ரல், மே மாதத்தில் தொடங்குங்கள். குளிர ஆரம்பித்த பிறகு தொடங்கினால் ஆள் கிடைக்காது, விறகு விலை ஏறியிருக்கும், அவசரத்தில் தப்பு செய்வீர்கள். நான் செய்தேன்.

1. உங்களுக்கு இது தேவைதானா?

கேஸ் பாய்லரும் ரேடியேட்டரும் ஒழுங்காக வேலை செய்யும் வீட்டில் விறகு ஸ்டவ் ஓர் ஆசைப்பொருள்தான். பணம் மிச்சமாகும் என்று பலர் சொல்வார்கள். ஊரில் தோட்டம் வைத்திருந்து, மரம் சும்மா கிடைத்து, வெட்டிக் காயவைக்க இடமும் இருந்தால் மிச்சமாகலாம். லண்டனில் கட்டையை வலைப்பையில் காசு கொடுத்து வாங்கி எரித்தால் ஆகாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்.

காற்று மாசைப் பொறுத்தவரை விறகும் கேஸும் ஒன்றல்ல. விறகுப் புகையில் பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்கள் உண்டு. 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை, அதாவது தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் அடிவரை போய் ரத்தத்திலும் கலக்கும். கேஸ் பாய்லரிலிருந்து இவை மிகமிகக் குறைவாகவே வரும். மிகச் சிறந்த புது ஸ்டவ்வில், மிகக் காய்ந்த விறகை எரித்தாலும் கேஸ் பாய்லர் அளவுக்குச் சுத்தமாக இருக்காது. விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

வீட்டில் ஆஸ்துமா உள்ள குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் ஸ்டவ்வைத் தொடாதீர்கள் என்பதுதான் என் கருத்து. புகைபோக்கிக்குள் பலூன் மாதிரி ஒரு அடைப்பான் வைத்தால் குளிர்காற்று இறங்காது. இருபது முப்பது பவுண்டில் முடிந்துவிடும். ஆனால் பலூன் உள்ளே இருக்கும்போது யாரும் நெருப்பு வைத்துவிடாமல் ஸ்டவ் மேல் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள்.

இதற்குப் பிறகும் வேண்டும் என்பவர்கள் மேலே படியுங்கள்.

2. உங்கள் தெரு புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியா?

லண்டனின் பெரும்பகுதியும் வேறு பல நகரங்களும் 'ஸ்மோக் கண்ட்ரோல் ஏரியா' என்று அறிவிக்கப்பட்டவை. டெஃப்ரா எனப்படும் சுற்றுச்சூழல் துறையின் இணையதளத்தில் இதற்கென வரைபடம் இருக்கிறது. போஸ்ட்கோடு போட்டால் தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் கவுன்சிலுக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலைப் பத்திரமாக வையுங்கள்.

அப்படிப்பட்ட பகுதியில் புகைபோக்கி வழியாகப் புகை விட்டால் கவுன்சில் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம் போடலாம். அங்கீகரிக்கப்படாத எரிபொருளை, அனுமதி இல்லாத அடுப்பில் எரிப்பதற்காக வாங்கினால் 1,000 பவுண்டு வரை போகலாம்.

இங்கேதான் எல்லாரும் விழுகிற குழி இருக்கிறது. காய்ந்த விறகு, அதுவும் சான்றிதழ் உள்ள விறகு என்றால் எதில் வேண்டுமானாலும் எரிக்கலாம் என்று நினைக்கிறோம். கூடாது. விறகு, எவ்வளவு காய்ந்திருந்தாலும், அங்கீகரிக்கப்பட்ட எரிபொருள் பட்டியலில் இல்லை. இந்தப் பகுதிகளில் டெஃப்ரா விலக்குப் பெற்ற, அதாவது புகை குறைவாக விடும் என்று சோதித்து அனுமதிக்கப்பட்ட, ஸ்டவ்வில் மட்டுமே விறகு எரிக்கலாம். பழைய விக்டோரியன் வீடுகளில் சுவரோடு இருக்கும் திறந்த கணப்பில் எரித்தால் சட்டமீறல். அதில் ஆந்த்ரசைட் போன்ற புகையில்லா எரிபொருள்களுக்கு மட்டும் அனுமதி உண்டு. என்னைக் கேட்டால், திறந்த கணப்பை விட்டுவிடுங்கள். சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குத்தான் போகிறது.

தோட்டத்தில் பொங்கல் வைக்கலாமா என்று ஒவ்வொரு ஜனவரியிலும் யாராவது கேட்கிறார்கள். வீட்டுப் புகைபோக்கி வழியாகப் புகை போகாததால் இந்த விதி அதற்குப் பொருந்தாது. ஆனால் அக்கம்பக்கத்தாருக்குத் தொந்தரவு என்ற வேறொரு சட்டம், 1990-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம், இருக்கிறது. காய்ந்த சுள்ளியாகப் பாருங்கள், ஒரு மணி நேரத்தில் முடியுங்கள், முன்னாலேயே பக்கத்து வீட்டில் சொல்லிவையுங்கள். பொங்கியதும் ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

3. வீட்டில் இருக்கும் ஸ்டவ்வின் ஜாதகம்

ஸ்டவ்வின் பின்பக்கமோ அடியிலோ ஓர் உலோகத் தகடு இருக்கும். கம்பெனி பெயர், மாடல், எத்தனை கிலோவாட் என்பவற்றைக் கைபேசியில் படம் எடுங்கள். அந்த மாடல் டெஃப்ராவின் விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரே பெயரில் ஒன்றுக்கு விலக்கு இருக்கும், இன்னொன்றுக்கு இருக்காது.

அப்புறம் பொருத்தியதற்கான சான்றிதழ். ஸ்டவ் பொருத்துவது கட்டட விதிமுறைகளுக்கு உட்பட்ட வேலை. ஹெட்டாஸ் போன்ற அமைப்பில் பதிவு பெற்றவர் பொருத்தினால் அவரே பதிவு செய்து சான்றிதழ் தருவார். வேறு யாராவது பொருத்தியிருந்தால் கவுன்சிலின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவு வந்து பார்த்துச் சான்றிதழ் தந்திருக்க வேண்டும். வீடு வாங்கும்போதே சொலிசிட்டரிடம் இதைக் கேட்கச் சொல்லுங்கள். சாவி கைக்கு வந்த பிறகு பழைய உரிமையாளர் போனை எடுக்கவே மாட்டார். எனக்கு அதுதான் நடந்தது.

காகிதம் எதுவும் கிடைக்காவிட்டால் தகவல் தகடு ஒன்றைத் தேடுங்கள். புகைபோக்கியின் அளவு, எந்த வகை அடுப்புக்கு ஏற்றது, எப்போது பொருத்தியது என்பதெல்லாம் அதில் இருக்கும். அது ஸ்டவ் பக்கத்திலேயே இருக்கும் என்றில்லை. கேஸ் மீட்டர், மின்சாரப் பெட்டி, தண்ணீர் மெயின் வால்வு, இவற்றில் ஏதாவது ஒன்றின் அருகே ஒட்டியிருப்பார்கள். நான் மூன்று நாள் தேடினேன். கடைசியில் சமையலறைத் தொட்டிக்குக் கீழே, வால்வுக்குப் பின்னால், பாதி எழுத்து அழிந்து கிடைத்தது.

சான்றிதழே இல்லை என்று உறுதியானால் கவுன்சிலிடம் 'ரெகுலரைசேஷன்', அதாவது ஏற்கெனவே முடிந்த வேலையைப் பின்னால் முறைப்படுத்தக் கேட்கும் விண்ணப்பம் போடலாம். கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், சில நூறு பவுண்டு ஆகலாம். பழைய ஸ்டவ்வுக்கு அவ்வளவு செலவு செய்வதற்கு முன் ஐந்தாம் படியைப் படித்துவிடுங்கள்.

கடைசியாக, வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஸ்டவ் இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஃபிளாட்டில் இருப்பவர்கள் லீஸ் பத்திரத்தில் நெருப்புக்கு அனுமதி உண்டா என்று பாருங்கள். அனுமதி இல்லையென்றால் மேற்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

4. புகைபோக்கியைச் சுத்தம் செய்ய ஆள் கூப்பிடுங்கள்

சுத்தம் செய்யாத புகைபோக்கியில் எந்த விறகும் ஒழுங்காக எரியாது. உள்ளே தார் படிந்திருந்தால் அதுவே தீப்பிடிக்கும். விறகு எரிப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு முறையாவது, நிறைய எரித்தால் இரண்டு முறை, சுத்தம் செய்ய வேண்டும். எனக்கு 80 பவுண்டு ஆனது. 60-லிருந்து 100 வரை கேட்கிறார்கள். ஹெட்டாஸ், கில்ட் ஆஃப் மாஸ்டர் சிம்னி ஸ்வீப்ஸ் போன்ற அமைப்புகளின் தளங்களில் ஆள் தேடலாம். வேலை முடிந்ததும் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள். காப்பீட்டுக்கு அது வேண்டியிருக்கும்.

செப்டம்பரில் கூப்பிட்டால் ஒரு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். ஏப்ரலில் கூப்பிட்டால் உடனே வருவார்கள், ஆனால் அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஜாக்டா என்ற சின்னக் காகம் வசந்தத்தில் புகைபோக்கிக்குள் சுள்ளி போட்டுக் கூடு கட்டும். முட்டையோ குஞ்சோ இருக்கும் கூட்டைக் கலைப்பது சட்டப்படி குற்றம். கூடு காலியாகும்வரை பொறுத்துதான் எடுக்க வேண்டும். எடுத்ததும் உச்சியில் வலைக்கூண்டு போட்டுவிடுங்கள். மறு வருஷம் இந்தத் தலைவலி இருக்காது.

வந்தவர் என் வீட்டில் கண்டுபிடித்தது வேறொன்று. சுவரில் காற்று வருவதற்கு ஒரு துவாரம் இருந்தது. குளிருக்குப் பயந்து பழைய உரிமையாளர் அதைச் செய்தித்தாள் திணித்து, மேலே டேப் ஒட்டி மூடியிருந்தார். 5 கிலோவாட்டுக்கு மேற்பட்ட ஸ்டவ்வுக்கு அப்படி ஒரு நிரந்தரத் துவாரம் கட்டாயம். அது இல்லாவிட்டால் புகையோடு கார்பன் மோனாக்ஸைடும் அறைக்குள் திரும்பும். மணமோ நிறமோ இல்லாத விஷவாயு அது. நாங்கள் ஒரு மாதம் அந்த அறையில் ஜன்னலை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்றைக்கே கார்பன் மோனாக்ஸைடு அலாரம் வாங்கினேன். 20 பவுண்டு சொச்சம். ஸ்டவ்விலிருந்து 1 முதல் 3 மீட்டர் தூரத்தில் இருக்க வேண்டும். கூரையில் மாட்டினால் சுவரிலிருந்து குறைந்தது 30 செ.மீ. தள்ளி மாட்டுங்கள். இது இல்லாமல் ஒரு தீக்குச்சிகூடக் கிழிக்காதீர்கள்.

5. புது ஸ்டவ் வாங்குவதானால் சின்னதாக வாங்குங்கள்

என் பழைய ஸ்டவ் 8 கிலோவாட். விலக்குப் பட்டியலிலும் இல்லை. ஆனால் அது புகைந்ததற்கு உண்மையான காரணம் அதன் அளவுதான் என்பது ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது.

அறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி 14-ஆல் வகுத்தால் தேவையான கிலோவாட் தோராயமாக வரும். என் ஹால் 4.5 × 3.6 × 2.5. பெருக்கினால் 40.5. வகுத்தால் 3 கிலோவாட்கூட வரவில்லை. அதில் 8 கிலோவாட் ஸ்டவ்வை வைத்து எரித்தால் அரை மணியில் அறை அனலாகிவிடும். என்ன செய்வோம்? காற்றுக் கட்டுப்பாட்டை மூடி நெருப்பை அடக்குவோம். காற்றில்லாத நெருப்பு எரியாது, குமுறும். எரியாத வாயுவெல்லாம் புகையாகவும் தாராகவும் வெளியே போகும். பெரியவர் வீட்டுப் படுக்கையறைக்குப் போனது அதுதான்.

கடைக்காரர் பெரியதைத்தான் காட்டுவார். "எதற்கும் இருக்கட்டும் சார்" என்கிற தொனி எல்லா ஊரிலும் ஒன்றுதான். மசியாதீர்கள். நான் 4 கிலோவாட் எடுத்தேன். 5-க்குள் இருந்தால் பழைய, காற்று புகும் வீடுகளில் பொதுவாகத் தனித் துவாரமும் தேவைப்படாது.

2022 ஜனவரியிலிருந்து புதிதாக விற்பனைக்கு வரும் ஸ்டவ்கள் எல்லாம் 'ஈகோடிசைன்' என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் தரத்துக்கு உட்பட்டிருக்க வேண்டும். ஆனால் ஈகோடிசைன் வேறு, டெஃப்ரா விலக்கு வேறு. உங்களுக்கு இரண்டும் வேண்டும். பழைய ஸ்டவ்வை இணையத்தில் ஐம்பது பவுண்டுக்கு விற்கிறார்கள் என்று ஓடாதீர்கள். அந்தப் பேரத்தில் இரண்டுமே இருக்காது.

எனக்கு ஆன செலவு: ஸ்டவ் 1,150 பவுண்டு. புகைபோக்கிக்குள் இறக்கும் ஸ்டெயின்லெஸ் லைனர், மேல்மூடி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து 1,900. மொத்தம் 3,050. முதலில் வந்த மூன்று மதிப்பீடுகளில் இரண்டில் வாட் வரி சேர்க்கப்படவில்லை. 20 சதவீதம் சின்னத் தொகையா? எழுத்தில் கேளுங்கள்: வரி சேர்த்தா, லைனர் சேர்த்தா, சாரக்கட்டு வேண்டுமானால் அது யார் செலவு, சான்றிதழ் பதிவுக் கட்டணம் உள்ளடக்கமா. ஸ்டவ் நிற்கும் அடிக்கல்லும் விதிப்படி இருக்க வேண்டும். மூடிய ஸ்டவ்வுக்கு முன்பக்கம் குறைந்தது 225 மி.மீ., பக்கவாட்டில் 150 மி.மீ. கல் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். இதைச் சரிசெய்யத் தனியாகக் கொத்தனார் வேலை வந்தால் செலவு கூடும்.

பொருத்துபவர் ஹெட்டாஸ் அட்டை காட்டினால், அவர் பதிவு எண்ணை அமைப்பின் தளத்தில் சரிபாருங்கள். பதிவு இல்லாதவர் குறைந்த விலை சொல்வார். அவர் பொருத்தினால் கவுன்சிலுக்கு வேலை தொடங்குவதற்கு முன்பே நீங்கள் அறிவித்துக் கட்டணம் கட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஒன்றும் மிச்சமில்லை. வேலை முடிந்து ஒரு மாதத்துக்குள் சான்றிதழ் தபாலில் வரவேண்டும். வராவிட்டால் விடாதீர்கள்.

6. விறகு

ஸ்டவ்வை மாற்றப் பணம் இல்லை என்றாலும் இந்தப் படியையும் அடுத்ததையும் மட்டும் செய்தால் புகையில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

அப்போதுதான் வெட்டிய மரத்தில் எடையில் பாதியளவு தண்ணீர் இருக்கலாம். அதைப் பற்றவைத்தால் சூடு முழுவதும் அந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்குவதிலேயே போய்விடும். நெருப்பு சூடேறாது, வாயுக்கள் எரியாது, புகையாகும். பச்சை விறகை அடுப்பில் வைத்துவிட்டு ஊதுகுழலோடு கண்ணீர் விட்ட பாட்டிகளின் பேரப்பிள்ளைகள் நாம். நமக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டியதில்லை. ஆனாலும் நான் ஏமாந்தேன். வேனில் வந்த ஒருவர், ஒரு வருஷம் காய்ந்தது என்று சொல்லி 70 பவுண்டுக்குக் கொட்டிவிட்டுப் போனார். பின்னால் மீட்டர் வாங்கி அளந்து பார்த்தால் 34 சதவீத ஈரம்.

20 சதவீதமோ அதற்குக் கீழோ இருக்க வேண்டும் என்பதுதான் விதி. 2021 மே 1 முதல் இங்கிலாந்தில் 2 கன மீட்டருக்குக் குறைவாக விற்கும் விறகுக்கு 'ரெடி டு பர்ன்' சான்று வேண்டும். பையில் அந்த முத்திரையும் விற்பவரின் எண்ணும் இருக்கும். 2 கன மீட்டருக்கு மேல் வாங்கினால் ஈர விறகை விற்கவும் அனுமதி உண்டு. எப்படிக் காயவைப்பது என்ற குறிப்பை மட்டும் கூடவே கொடுக்க வேண்டும். மொத்தமாக மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி, வந்த அன்றே எரிப்பவர்கள் இருக்கிறார்கள். அதைப் பிளந்து அடுக்கி ஒன்று இரண்டு வருஷம் காயவைக்க வேண்டும்.

ஈர மீட்டர் 15 - 25 பவுண்டுக்குக் கிடைக்கும். கட்டையின் வெளிப்புறத்தில் குத்தினால் பொய் சொல்லும். கோடாலியால் பிளந்து, புதிதாகத் தெரியும் உட்பக்கத்தின் நடுவில் குத்துங்கள். மீட்டர் இல்லாவிட்டால் இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். காய்ந்தது கணீரென்று சத்தம் கொடுக்கும், ஈரமானது மொத்தென்று விழும்.

விலை கேட்கும்போது இன்னொரு தந்திரத்தைக் கவனியுங்கள். ஒரு கன மீட்டர் என்பார்கள். கொட்டிய அளவா, அடுக்கிய அளவா? கொட்டிய ஒரு கன மீட்டரை அடுக்கினால் ஏறத்தாழ 0.6 தான் வரும். இரண்டு கடைகளை ஒப்பிடும்போது இரண்டும் ஒரே அளவுதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சூளையில் காயவைத்த விறகை வாங்கித் தோட்டத்தில் மழையில் போட்டால் காசு வீண். தரையில் படாமல் பலகை மேல் அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். பக்கங்களைத் திறந்துவிடுங்கள், காற்று ஓடட்டும். தார்ப்பாயால் முழுக்கச் சுற்றினால் உள்ளேயே பூஞ்சை பிடிக்கும். இடம் இல்லாதவர்கள் மரத்தூளை அழுத்திச் செய்த பிரிக்கெட் வாங்கலாம். ஈரம் 10 சதவீதத்துக்கும் கீழே இருக்கும். கம்பெனி சொன்ன எண்ணிக்கைக்கு மேல் போடாதீர்கள். சில வகைகள் எரியும்போது உப்பி, கண்ணாடியை முட்டும்.

சும்மா கிடைக்கிறது என்று எரிக்கக் கூடாதவை: பழைய வேலிப் பலகை, பெயிண்ட் அடித்த மரம், எம்டிஎஃப், ப்ளைவுட், உடைந்த அலமாரி. பழைய வேலி மரங்கள் சிலவற்றைச் செல்லரிக்காமல் இருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தில் ஊறவைத்திருப்பார்கள். எரித்தால் ஆர்சனிக் புகையிலும் சாம்பலிலும் வரும். அந்தச் சாம்பலைக் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டு வளர்த்தால் என்னாகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நிலக்கரி பற்றியும் கேட்கிறார்கள். வீட்டு உபயோகத்துக்கான சாதாரண நிலக்கரி இங்கிலாந்தில் விற்பனைக்கே இல்லை. பையில் விற்பது 2021-லும், கொட்டி விற்பது 2023-லும் நின்றுவிட்டது. யாராவது கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

7. பற்றவைக்கும் முறை: தலைகீழாக

நமக்குப் பழக்கம் அடியில் சுள்ளி, மேலே கட்டை. இந்த ஸ்டவ்களுக்கு அது சரிப்படாது. அடியில் இருக்கும் நெருப்பு மேலே உள்ள குளிர்ந்த கட்டையைச் சூடாக்கும்போது வாயு கிளம்பும், ஆனால் அதை எரிக்க மேலே நெருப்பு இருக்காது. அதனால்தான் முதல் கால் மணி நேரம் அப்படிப் புகைகிறது.

மாற்றிச் செய்யுங்கள். கீழே இரண்டு கட்டை, இடைவெளி விட்டு. அதன் மேல் மெல்லிய சிராய்களைக் குறுக்கும் நெடுக்குமாக நாலைந்து அடுக்கு. உச்சியில் பற்றவைக்கும் துண்டு ஒன்று. காற்றுக் கட்டுப்பாடுகள் எல்லாவற்றையும் முழுதாகத் திறந்து, உச்சியில் பற்றவையுங்கள். நெருப்பு மெழுகுவர்த்தி மாதிரி மேலிருந்து கீழே இறங்கும். கிளம்பும் வாயு அந்தத் தீயைக் கடந்துதான் போக வேண்டும், அங்கேயே எரிந்துவிடும். முதல் நாள் எனக்கு நம்பிக்கையே இல்லை. வெளியே போய்ப் பார்த்தால் ஐந்தாறு நிமிஷத்திலேயே புகைபோக்கியில் ஒன்றும் தெரியவில்லை.

தீ நன்றாகப் பிடித்ததும் கீழ்க்காற்றைக் குறையுங்கள், மேல்காற்றைக் குறைக்காதீர்கள். கட்டை சேர்ப்பதானால் தணல் செக்கச்செவேலென்று இருக்கும்போது ஒன்று, மிஞ்சினால் இரண்டு. சேர்த்ததும் சில நிமிஷம் காற்றை மறுபடி திறந்துவிட்டு, புதுக் கட்டை தீப்பிடித்த பிறகு குறையுங்கள். கதவை மெல்லத் திறங்கள். சட்டென்று இழுத்தால் புகை அறைக்குள் வந்துவிடும்.

இரவு முழுக்கக் கணகணவென்று இருக்கட்டும் என்று வாய்நிறையக் கட்டை அடைத்து, காற்றை மூடிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். தெருவே மூச்சுத் திணறுவது இதனால்தான். குளிர்ந்தால் குளிரட்டும். காலையில் மறுபடி பற்றவைத்துக்கொள்ளலாம்.

கண்ணாடியைக் கவனியுங்கள். கறுத்துப்போனால் விறகு ஈரம் அல்லது காற்று போதவில்லை. பற்றவைத்து 15 நிமிஷம் கழித்து வாசலுக்குப் போய்க் கூரையைப் பாருங்கள். புகை தெரிந்தால் ஏதோ தப்பு. ஒவ்வொரு முறையும் நான் பார்க்கிறேன், குளிரில் செருப்பு மாட்டிக்கொண்டு.

சாம்பலை மூடியுள்ள இரும்பு வாளியில் எடுத்து வெளியே வைத்து, நன்றாக ஆறிய பிறகே குப்பைத் தொட்டியில் போடுங்கள். சாம்பலுக்குள் தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பிளாஸ்டிக் தொட்டி உருகிய கதைகள் நிறையக் கேட்டிருக்கிறேன்.

8. எரிக்காத நாட்கள்

காற்றே இல்லாத, பனி மூட்டமான, கடுங்குளிர் இரவில்தான் ஸ்டவ் ஆசை அதிகமாகும். அந்த இரவில்தான் எரிக்கவே கூடாது. தரையோடு ஒட்டிய காற்று குளிர்ந்து, மேலே சூடான காற்று மூடி போட்டதுபோல் உட்கார்ந்துவிடும். நீங்கள் விடும் புகை எங்கும் போகாமல் தெருவிலேயே நிற்கும். லண்டன்வாசிகள் 'ஏர்டெக்ஸ்ட்' என்ற இலவசச் சேவையில் பதிந்தால், காற்று மோசமாகும் நாட்களில் முன்கூட்டியே செய்தி வரும். அன்றைக்கு ரேடியேட்டர் போட்டுக்கொள்வோம். எங்கள் வீட்டில் வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை மாலை மட்டும் என்று வைத்திருக்கிறோம். அதுவும் காற்று சரியாக இருந்தால்தான்.

9. கடிதம் வந்துவிட்டால்

எனக்கு வந்தது முதல் எச்சரிக்கைக் கடிதம். புகார் வந்திருக்கிறது, எந்த ஸ்டவ், என்ன எரிக்கிறீர்கள் என்று கேட்டிருந்தது. பயத்தில் ஒரு வாரம் திறந்துகூடப் படிக்காமல் வைத்திருந்தேன். அப்படிச் செய்யாதீர்கள். அன்றே எரிப்பதை நிறுத்துங்கள். ஸ்டவ் தகட்டின் படம், பொருத்திய சான்றிதழ், புகைபோக்கி சுத்தம் செய்த சான்றிதழ், விறகு வாங்கிய ரசீது, பையில் உள்ள முத்திரையின் படம், இவற்றை இணைத்துப் பதில் போடுங்கள். இல்லாததை இல்லை என்றும், எந்தத் தேதிக்குள் சரிசெய்வீர்கள் என்றும் எழுதுங்கள். நான் அப்படி எழுதியதும் அந்த அலுவலர் போனில் பேசினார். ஸ்டவ்வை மாற்றும்வரை எரிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததோடு விட்டுவிட்டார்.

அபராதம் போடப்போகிறோம் என்று முறையான அறிவிப்பே வந்தால், ஆட்சேபம் தெரிவிக்க 28 நாள் உண்டு. தேதியைத் தவறவிடாதீர்கள். இந்த அறிவிப்பும் முதல் எச்சரிக்கைக் கடிதமும் பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும், தலைப்பைப் படியுங்கள்.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் என் எண்ணைக் கொடுத்து, புகை வந்தால் கவுன்சிலுக்கு எழுதுவதற்கு முன் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். போன ஜனவரியில் ஒரே ஒரு முறை போட்டார். போய்ப் பார்த்தால், கட்டை சேர்த்துவிட்டுக் காற்றைத் திறக்க மறந்திருந்தேன்.